பதிவு மேசையில் தொடங்கும் குடியேற்றம்: ரொறன்ரோ பாடசாலைகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பம் குடியேற்றச் சேவை நிறுவனம் ஒன்றின் படியேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பள்ளி வயதுப் பிள்ளை உள்ள குடும்பம் வந்து சில நாட்களுக்குள் பாடசாலை அலுவலகத்துக்கு வந்தே தீரும். 1999இல் ரொறன்ரோவில் தொடங்கிய பாடசாலைக் குடியேற்றப் பணியாளர் திட்டம் இதை நம்பித்தான் கட்டப்பட்டது. ‘ஸ்விஸ்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இத்திட்டம் பின்னர் ஒன்ராறியோவின் பிற நகரங்களுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் பரவியது.

ஏற்பாட்டில் மூன்று தரப்புகள். பணம் மத்திய அரசின் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வருகிறது. பணியாளரை வேலைக்கு வைத்திருப்பது சேவை நிறுவனம். அவர் உட்காரும் அறையையும் தொலைபேசியையும் கொடுப்பது கல்விச் சபை. இதனால் அதிபர் அவருக்கு மேலதிகாரி ஆவதில்லை. மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரைக் கேட்க முடியாது. அவராலும் ஒரு மாணவரின் கோப்பைத் தன்பாட்டில் திறந்து பார்க்க முடியாது. கல்வி மாகாணத்தின் பொறுப்பு, குடியேற்றச் சேவைக்கான பெரும் பணம் மத்திய அரசுடையது. இந்த இரண்டும் தைக்கப்பட்ட இடத்தில்தான் திட்டத்தின் பலமும் இருக்கிறது, கிழிசலும் இருக்கிறது. கீழே வருவதைப் படிக்கும்போது தையலையே கவனியுங்கள்.

குடும்பம்

இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பாடசாலைகளில் அடிக்கடி காணும் நிலைமைகளைச் சேர்த்து ஒரு குடும்பமாக வைத்திருக்கிறோம்.

தகப்பன் ஆறு வருடத்துக்கு முன் தனியாக வந்து அகதிக் கோரிக்கை வைத்து, ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடம் பெற்றவர். இரண்டு இடத்தில் வேலை. மனைவி, 16 வயது மகள், 9 வயது மகன் மூவரும் வவுனியாவிலிருந்து ஜனவரி இரண்டாம் கிழமை வந்து இறங்குகிறார்கள். அவர்களும் நிரந்தர வதிவிடத்தோடுதான் வருகிறார்கள். மகள் தரம் 11இல் படித்துக்கொண்டிருந்தவர், சாதாரணதரப் பரீட்சை எழுதவில்லை. தகப்பன் நிலக்கீழ் வீடொன்றுக்கு அதற்கு முந்திய கிழமைதான் மாறியிருக்கிறார்.

இத்தகைய வீடுகளில் தகப்பனுக்கு நாடு பாதி தெரியும், அதுதான் சிக்கல். பஸ், வங்கி, வேலை எல்லாம் அத்துப்படி. பாடசாலை பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேலைத்தலத்தில் கேட்டது. “எல்லாம் எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொல்வதோடு தாய் சேவையிலிருந்து மறைந்துவிடுகிறார். ஆகவே முதல் அழைப்பிலேயே தாயின் பெயரையும் தாயின் கைபேசி எண்ணையும் தனியாக வாங்க வேண்டும்.

பதிவு நாள்

அலுவலகத்தில் கேட்கப்படுபவை: வயதுக்கு ஆதாரம், குடிவரவுப் பத்திரம், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி விபரம். சிக்கல் பெரும்பாலும் கடைசி இரண்டில்.

தகப்பனின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் பழைய முகவரி. வீட்டு வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சு. செயலாளர் “முகவரி ஆதாரத்தோடு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டால் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போகும். வங்கியில் முகவரியை மாற்றி அன்றைக்கே கணக்குக் கூற்று ஒன்றை அச்சிட்டு வாங்குவதும், வீட்டுக்காரரிடம் திகதியிட்ட கையொப்பக் கடிதம் பெறுவதும் மிக வேகமான வழிகள். வீட்டுக்காரர் கடிதம் தரத் தயங்கினால் காரணம் பெரும்பாலும் வரி. அதை வாதாடாமல் வங்கிக் கூற்றோடு போவது நல்லது.

தடுப்பூசி விடயம் இன்னும் நுணுக்கமானது. இலங்கையின் பிள்ளைச் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டினால் எல்லாம் போட்டாயிற்று என்றே தாய் நம்புவார். ஊர்க் கணக்குக்கு அது சரி. ஆனால் ஒன்ராறியோவின் மாணவர் தடுப்பூசிச் சட்டம் கேட்கும் பட்டியலில் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு எதிரான மெனிஞ்சோகொக்கல் தடுப்பூசியும், 2010இலோ அதன் பின்னோ பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பான் தடுப்பூசியும் உள்ளன. இலங்கையின் வழமையான அட்டவணையில் இவ்விரண்டும் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் போட்ட எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி இங்கே கணக்கில் சேராது, முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்டவை மட்டுமே சேரும். ஆக மகனுக்குக் குறைந்தது எம்.எம்.ஆர். ஒன்று, கொப்புளிப்பானுக்கு இரண்டு, மெனிஞ்சோகொக்கல் ஒன்று பாக்கி. மகளுக்குக் குறைந்தது அவரது வயதுக்குரிய நால்வகை மெனிஞ்சோகொக்கல் ஊசி பாக்கி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: மருத்துவர் ஊசி போட்டால் அந்த விபரம் தானாகப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போகாது. பெற்றோர்தான் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் மாதங்கள் கழித்து ஆங்கிலக் கடிதம் வரும், அதைப் படிக்காமல் வைத்தால் 20 பாடசாலை நாட்கள் வரை இடைநிறுத்தம் வரும். பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டதாகத் தாய் அழுதுகொண்டு வருவார்.

இந்த மேசையில்தான் முதல் தையல். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் அவர்களின் தொலைபேசி எண்ணைப் பாடசாலை வெளி நிறுவன ஊழியருக்குக் கொடுக்கக் கூடாது. சம்மதப் படிவம் தனித் தாளாக அலுமாரியில் கிடந்தால் சுறுசுறுப்பான காலையில் செயலாளர் அதை எடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவுப் படிவக் கட்டின் உள்ளேயே, முகவரிப் பக்கத்துக்கு அடுத்ததாக, அவரவர் மொழியில் அந்தத் தாளைக் குத்தி வைத்துவிட்டால் கையொப்பம் தானாக விழும். பணியாளர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட இந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதே எத்தனை குடும்பங்களைச் சென்றடையலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

முதல் சந்திப்பு

அதே கிழமைக்குள் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. மகளை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்கவே கூடாது. பிள்ளை மொழிபெயர்த்தால் வீட்டுப் பணக் கஷ்டமும் அப்பா அம்மாவின் மனக்கசப்பும் அதன் தலையில் ஏறும். தவிர, தன்னைப் பற்றி ஆசிரியர் சொன்னதில் பிள்ளை விரும்பியது மட்டுமே தாயைப் போய்ச் சேரும்.

தேவைகளையும் குடும்பத்திடம் ஏற்கெனவே உள்ள பலங்களையும் குறித்துக்கொள்ளும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. விபரங்கள் திணைக்களத்தின் தரவு முறைமையில் பதிவாகும் என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ‘அரசாங்கத்துக்குப் போகுமா’ என்ற பயம் எங்கள் சனத்துக்குச் சும்மா வந்ததல்ல.

பிறகு வரிசை. சமூகக் காப்புறுதி இலக்கம் முதலில். சுகாதார அட்டைக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்ராறியோ 2020 மார்ச்சில் நீக்கிவிட்டது. தகப்பன் இன்னும் பழைய கணக்கிலேயே இருந்து “ஏப்ரலுக்குப் பிறகு போவோம்” என்பார். அதைத் திருத்தினால் ஊசிகளும் விரைவாக முடியும்.

பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுதான் இந்தக் குடும்பத்தின் வாடகையைத் தாங்கப்போவது. அதற்கு ஆர்.சி. 66 என்ற விண்ணப்பமும், புதிதாக வந்தவர்களுக்கான இணைப்புப் படிவமும் வேண்டும். இங்கே வழமையாக நடக்கும் பிழைகள் மூன்று. தகப்பன் தன் பெயரில் விண்ணப்பிப்பார். பிள்ளைகளோடு தாய் ஒரே வீட்டில் இருக்கும்போது தாயே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கனடாவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றை இணைக்க மறந்துவிடுவார்கள். மூன்றாவது, வருவதற்கு முந்திய வருமானக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வருமானம் இல்லையென்றால் பூச்சியம் என்று எழுத வேண்டும், வெறும் கட்டத்தோடு போன படிவம் திரும்பி வரும். அடுத்த ஆண்டு தாய்க்கு ஒரு சதம் வருமானம் இல்லாவிட்டாலும் இருவரும் வரிப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஜூலையில் பணம் நின்றுவிடும்.

தாய்க்கு இலவச ஆங்கில வகுப்பு உண்டு, முதலில் மொழித் தர மதிப்பீட்டுக்கு நாள் எடுக்க வேண்டும். இதை இரண்டாம் சந்திப்புக்குத் தள்ளலாம்.

தள்ளக் கூடாதது ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் பிரிந்திருந்த தகப்பனுக்கும் பதின்ம வயது மகளுக்கும் இடையே முதல் மாதங்கள் சுமுகமாக இராது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அடி விழுந்ததாக ஆசிரியருக்கு நியாயமான சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு அவர் நேரடியாக அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். பணியாளரும் அப்படியே. 16, 17 வயதினர் விடயத்தில் அறிவிப்பது கடமையல்ல, ஆனால் அறிவிக்கலாம். இதை முதல் சந்திப்பிலேயே, யாரையும் குற்றம் சாட்டாமல், நாட்டு விதியாகச் சொல்லிவிட வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு சொன்னால் பணியாளர் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார்.

மகன்

ஊரில் ஜனவரியோடு தரம் 5. இங்கே பிறந்த ஆண்டைப் பார்த்து நடுத்தவணையில் தரம் 4. “ஒரு வருடம் பின்னுக்குப் போட்டுவிட்டார்கள்” என்று தாய் கொதிப்பார். பாடசாலை ஆண்டு செப்டெம்பரில் தொடங்குவதால் வந்த அரை ஆண்டு வித்தியாசம் என்று நாட்காட்டியை வைத்துக் காட்டினால் விளங்கும். ஊரில் தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை இங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாதிப் பதற்றம் அதில்தான் இருக்கிறது.

மற்றபடி அவனுக்கு வேண்டியது பனிக் காற்சட்டை, நீர் புகாத சப்பாத்து, இரண்டு சோடி கையுறை. குளிரிலும் இடைவேளைக்கு வெளியேதான் விடுவார்கள். ஒரு சோடி கையுறை காலையில் நனைந்தால் மதியத்துக்குக் காயாது. பெயரெழுதாத கையுறை தொலைந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்

இந்த ஆய்வின் கனம் இங்கேதான். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் மாணவரை முதலில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மதிப்பிடுவார்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்கும் ஈஎஸ்எல் பாடங்கள் ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள். இவருக்கு சி படி கிடைக்கிறது என்று வைப்போம்.

உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும், ஒரு கிரெடிட் என்பது 110 மணி நேரப் பாடம். வெளிநாட்டில் தரம் 10 முடித்து வந்தவருக்கு அதிபர் வழமையாக 16 கிரெடிட்டுக்குச் சமமாகக் கணக்கிடுவார், பாக்கி 14. எந்தக் கட்டாயப் பாடங்கள் இன்னும் வேண்டும், 40 மணி நேரச் சமூக சேவையில் எவ்வளவு மீதி என்பதும் அதிபரின் முடிவு. தரம் 9, 10 அறிக்கைகளை வகுப்பாசிரியரின் கையொப்பத்தோடு கொண்டுவராதவர்கள் இந்த இடத்தில் நட்டப்படுகிறார்கள். சாதாரணதரம் எழுதவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று நினைத்துத் தவணை அறிக்கைகளை ஊரிலேயே விட்டு வருவார்கள். வவுனியாப் பாடசாலைக்கு உடனே எழுதிப் பிரதி எடுப்பியுங்கள்.

பாக்கி 14ஐப் பார்த்துக் குடும்பம் சந்தோஷப்படும்: பெப்ரவரியில் தொடங்கும் அரையாண்டில் நான்கு, அடுத்த ஆண்டு எட்டு, இடையில் கோடை வகுப்பு, சரியான நேரத்துக்கு முடிந்துவிடும் என்று. ஆனால் முடிவு நாளைத் தீர்மானிப்பது கிரெடிட் எண்ணிக்கை அல்ல, ஆங்கிலச் சங்கிலி. ஈஎஸ்எல் கிரெடிட்டுகளில் அதிகபட்சம் மூன்று கட்டாய ஆங்கிலத்துக்குச் சேரும். நான்காவது தரம் 12 ஆங்கிலமாகவே இருக்க வேண்டும். அதற்கு முன் தரம் 11 ஆங்கிலம். ஆகவே பெப்ரவரி–ஜூன் சி, ஜூலைக் கோடை வகுப்பில் டி, செப்டெம்பர்–ஜனவரி ஈ, அடுத்த பெப்ரவரி–ஜூன் தரம் 11 ஆங்கிலம். ஒரு படியிலும் தவறாமல் ஏறினாலும் தோழிகள் பட்டமளிப்பு மேடையேறும் ஜூனில் இவருக்குத் தரம் 12 ஆங்கிலம் பாக்கி. கிரெடிட்டும் 4, 1, 8 என்று 13இல் நிற்கும். மேலும் ஒரு கோடையோ அரையாண்டோ வேண்டும். 21 வயதாகும் ஆண்டின் ஜூன் வரை பாடசாலையில் படிக்கும் உரிமை சட்டத்தில் உண்டு, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இதை முதல் மாதத்திலேயே தாளில் கோடு போட்டுக் காட்டினால் திட்டம் ஆகிவிடும். கடைசி ஆண்டில் தெரியவந்தால் ‘பெயில்’ ஆகிவிட்டதாக வீடு நினைக்கும்.

அந்தக் கோடையில் டி படி தன் பகுதியில் நடக்கிறதா என்று மார்ச்சிலேயே தேடுங்கள். எல்லாக் கோடை நிலையங்களும் எல்லாப் படிகளையும் நடத்துவதில்லை.

அடுத்த பொறி கணிதம். தமிழ் மொழிமூலம் படித்தவர் சமன்பாட்டைக் கண்மூடிக்கொண்டு போடுவார். ஆங்கிலத்தில் நான்கு வரியில் வரும் வட்டிக் கணக்கை வெறுமையாக விட்டிருப்பார். மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துக் கல்லூரிப் பிரிவுக் கணிதத்தில் போட்டுவிட்டால் பொறியியல் கதவு சத்தமில்லாமல் மூடும். பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: யூ பல்கலைக்கழகத்துக்கு, சி கல்லூரிக்கு, எம் இரண்டுக்கும், ஈ நேரே வேலைக்கு. பொறியியலுக்குத் தரம் 11இல் எம்சிஆர்3யூ, அதன்மேல் தரம் 12இல் எம்எச்எஃப்4யூ, அதன்மேல் எம்சிவி4யூ என்று ஏற வேண்டும். தரம் 11 கல்லூரிப் பிரிவுக் கணிதமான எம்பிஎஃப்3சியில் இருந்து அந்த ஏணிக்குத் தாவ முடியாது, இறங்கி மறுபடி ஏற வேண்டும். மதிப்பீட்டுத் தாளை வினா வினாவாகப் பார்க்கும்படி வழிகாட்டல் ஆசிரியரைக் கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது பணியாளரின் வேலை.

காலக்கணக்கின் கொடுமையையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவு பெப்ரவரியை அண்டி நடக்கிறது. ஜனவரியில் வந்த பிள்ளை கழிவறை எங்கே என்று தெரிவதற்கு முன்பே தரம் 12 பாடங்களைத் தெரிவு செய்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை எதை அழுத்துகிறதோ அதையே தானும் அழுத்தும்.

எழுத்தறிவுப் பரீட்சையும் டிப்ளோமாவுக்குத் தேவை. ஈஎஸ்எல் மாணவருக்கு அதைப் பிற்போடலாம், மேலதிக நேரமும் கேட்கலாம். இரண்டும் தானாகக் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

முதல் அறிக்கையில் 72 வந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். 70 முதல் 79 வரை மூன்றாம் நிலை, அதுவே மாகாணம் எதிர்பார்க்கும் தரம் என்பதை அறிக்கை வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ஓகஸ்ட் கிழமை

கோடையில் வந்த பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் சில நாள் அறிமுக நிகழ்ச்சி ஒன்றை ஸ்விஸ் பணியாளர்கள் உயர்நிலைப் பள்ளிகளில் நடத்துகிறார்கள். வழிநடத்துவது அதே பள்ளியின் மூத்த மாணவர்கள். பெரும்பாலும் அவர்களே சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்தவர்கள், முன்கூட்டியே பயிற்சி பெற்றிருப்பார்கள். உரைகளைக் குறைத்துக் கை வேலையைக் கூட்டினால் பலன் அதிகம்.

இலக்கப் பூட்டைச் சொல்லலாம். வலப்பக்கம் மூன்று சுற்று, முதல் எண்ணில் நிறுத்து. இடப்பக்கம் திருப்பி முதல் எண்ணை ஒருமுறை கடந்து போய் இரண்டாவதில் நிறுத்து. மறுபடி வலப்பக்கம் நேரே மூன்றாவதற்கு. இடையில் கடந்து போகும் அந்த ஒரு சுற்றைத்தான் எல்லோரும் விடுவார்கள். அதைப் பத்துத் தடவை திறந்து பழகிய பிள்ளை முதல் நாள் நடைபாதையில் மற்றவர் பார்க்க அல்லாட வேண்டியதில்லை. நேர அட்டவணையைக் கையில் கொடுத்து நான்கு வகுப்பறைகளையும் ஒழுங்கில் நடந்து காட்டச் சொல்வதும் அப்படியே.

நம் மகள் ஜனவரியில் வந்தவர், இது அவருக்குக் கிடைக்காது. ஆண்டின் நடுவில் வருபவருக்கு ஒரே மாணவ வழிகாட்டி, முதல் ஐந்து நாள் மதிய உணவுக்கும் சேர்த்து, என்ற ஏற்பாட்டையாவது பள்ளி வைத்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் அது ஆசிரியரின் ஞாபகத்தை நம்பியே நடக்கிறது.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

மத்திய அரசின் பணம் நிரந்தர வதிவாளருக்கும் பாதுகாக்கப்பட்டவராக ஏற்கப்பட்டவருக்கும்தான். முடிவுக்குக் காத்திருக்கும் அகதிக் கோரிக்கையாளர், தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர், ஏற்கெனவே குடியுரிமை எடுத்துவிட்ட தாய் ஆகியோர் கணக்கில் வரமாட்டார்கள். இந்தத் தகப்பன் ஆறு வருடத்துக்கு முன் பிள்ளைகளோடு வந்திருந்தால் அவரையும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள்.

பாடசாலையின் விதி வேறு. ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து இல்லை என்ற காரணத்தால் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2007இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆக ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குப் பணியாளர் உண்டு, மற்றவருக்கு இல்லை. கோரிக்கையாளருக்கு மாகாண நிதியில் இயங்கும் சேவைகள் இருக்கின்றன. ஒரு துண்டில் எண்ணை எழுதிக் கொடுத்தனுப்பினால் அந்தத் தாய் கூப்பிட மாட்டார். அவர் முன்னாலேயே அழைப்பெடுத்து, நாளும் நேரமும் பேசி, பெயர் தெரிந்த ஒருவரோடு இணைத்துவிட்டால் போவார். ஐந்து நிமிட வேலை. அறிக்கையில் எங்கும் எண்ணப்படாத வேலை என்பதால் முதலில் விடுபடுவதும் இதுதான்.

கோப்பு

ஒரு பணியாளர் பல பள்ளிகளுக்கு நாள் பிரித்து ஓடுகிறார். செவ்வாய் மட்டும் இருப்பவரிடம் புதன்கிழமைப் பிரச்சினை ஆறு நாள் காத்திருக்கும். கதவில் நாட்கள் மட்டும் போதாது, மற்ற நாட்களில் யாரைக் கேட்பது என்றும் எழுத வேண்டும். நிதி ஒப்பந்தங்கள் மார்ச் 31ஐ வைத்து ஓடுகின்றன. 2024 ஒக்டோபரில் மத்திய அரசு 2025க்கான நிரந்தர வதிவாளர் இலக்கை 3,95,000 ஆகக் குறைத்து அறிவித்தது. வருவோர் குறைந்தால் சேவைப் பணமும் சுருங்கும், ஆனால் நேற்று வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் தரம் 10இல்தான் இருக்கிறார்கள். பணியாளர் மாறும்போது கோப்பு கைமாறும், தாயின் நம்பிக்கை கைமாறாது. பழையவர் புதியவரைத் தொலைபேசியிலாவது அறிமுகம் செய்துவிட்டுப் போக வேண்டும்.

ஜூன் கடைசிக்கு முன் இந்தக் குடும்பத்தின் கோப்பில் ஐந்து விடயங்களைச் சரிபாருங்கள்: மகளின் கிரெடிட் விபரத்தில் 16 ஏறியிருக்கிறதா, டி படிக்குக் கோடை வகுப்புப் பதிவு உறுதியா, மகனின் இரண்டாவது கொப்புளிப்பான் ஊசி பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கப்பட்டதா, கொடுப்பனவு தாயின் கணக்கில் விழுகிறதா, தாய் மொழி மதிப்பீட்டுக்குப் போனாரா. அதோடு இரண்டாவது தொலைபேசி எண் ஒன்று. முற்கட்டண எண்கள் கோடையில் மாறிவிடும், நிலக்கீழ் வீடும் மாறலாம். எண் மாறாத ஒரு சொந்தக்காரரின் இலக்கத்தைத் தாயின் சம்மதத்தோடு குறித்து வைத்தால் செப்டெம்பரில் அவரைத் தேடிப் பிடிக்கலாம்.